மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
மண்டபத்தில் ஒரு விசைப்படகும் கயிறு அவிழ்க்கவில்லை.
ஐஸ் கம்பெனியின் மாடியில், வாடகை அறையில்
ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார்:
வளையம் நிலைத்து நிற்குமா ?
அவ்வளவுதான்.
கேள்விக்குறிக்கு முன்னால் தேவையில்லாத ஓர் இடைவெளி.

கீழே கம்ப்ரசர் உறுமுகிறது.
வாங்க ஆளில்லாத பாளங்கள் உமிக்குள் அடுக்கிக் கிடக்கின்றன.
என்னைவிட நாலு வயது இளையவர் சவேரியான், ராத்திரி ஆப்பரேட்டர்.
நேற்றுக் கேட்டார்:
"உங்க சாமானுக்கு எம்புட்டுக் குளுரு வேணும்?"
சொன்னேன்.
அதன் பக்கத்தில் உங்கள் பாளம் சூரியன்.
இல்லை, சூரியன் போதாது,
சூரியனின் அடிவயிறும் போதாது.
"அப்ப இத்தன வருசமா நெருப்பத்தான் வித்தமா"
என்று பீடியைப் பற்றவைத்து
ஒரு புகைவளையம் விட்டார்.
அது அகன்றது, சோம்பியது,
ட்யூப்லைட்டை எட்டும் முன்பே
தான் வளையம் என்பதை மறந்துபோனது.

எங்களுடையது அப்படி மறக்காது.
இரண்டு லட்சம் ருபீடியம் அணுக்கள்
ஆளுக்கொரு முகவரியைக் கைவிட்டு
ஒரே அலையாய்க் கிடக்கும் திரவம்.
அதற்குள் சுழலுக்கு நடுவழியில் முனை கிடையாது.
கரையில் போய் முடியலாம்,
இல்லையென்றால் கைலியைப்போல்
இரு முனையும் சேர்த்து மூட்டிக்கொள்ள வேண்டும்.
அரைச் சுற்று இல்லை, கால் சுற்று இல்லை.
சில்லறை புழங்காத கடை.

பெரிய வளையம் மெல்லப் போகும்.
ஏதாவது இழந்தால் சிறுக்கும்,
சிறுத்தால் வேகம்,
இழக்க இழக்க இன்னும் வேகம்,
கடைசியில் வளையமே இருக்காது,
ஒரு சின்னச் சத்தம் மட்டும் திரவத்தில் ஓடும்.
புகைக்கு இந்த வித்தை தெரியாது.

நாங்களும் கூண்டு என்றுதான் சொல்வோம்,
காந்தத்தால் கட்டியது.
அதற்குள் ஓர் அளவில் மட்டும் வளையம் நகராது.
தன் ஓட்டம் ஒரு பக்கம், கூண்டின் தள்ளல் ஒரு பக்கம்.
ஆண் கடலுக்கும் பெண் கடலுக்கும் நடுவே
இந்த ஊர் நிற்கிற மாதிரி,
அசையாமல், ஆனால் ஓய்வாக அல்ல.

கூண்டின் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.
பணியாரத்துக்கும் இட்லிக்கும் நடுவில் தாங்குகிறது.
கத்தரிக்காயாய் நீட்டினால் சாய்ந்து கவிழ்கிறது.
இட்லியையும் தாண்டித் தட்டினால்
வட்டம் நெளிகிறது, நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை,
பிறகு எதுவும் வட்டமில்லை.
(இதை இந்தச் சொற்களில் அனுப்ப முடியாது.)

பதினொன்று இருபதுக்கு ஆய்வகத்திலிருந்து தில்ஷாத்:
"சூடே இல்லாம ஓட்டினேன், நின்னுச்சு.
துளி சூடு சேத்தேன்.
நாப்பத்தொண்ணாவது மில்லிசெகண்ட்."
"சுருங்கியா, கரை ஒதுங்கியா?"
"ஒதுங்கி."
அதற்குள் கரண்ட் போனது.

கம்ப்ரசர் நின்ற பிறகுதான்
காற்று எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.
டார்ச்சோடு சவேரியான் படியேறினார்.
மதிப்பீட்டாளரின் கேள்வியை அவரிடம் திருப்பினேன்:
பாளம் நிலைத்து நிற்குமா?
"யாருக்கு? விடிஞ்சு போயி பொழுதோட வர்ற வள்ளத்துக்கு நிக்கும்.
தங்கலுக்குப் போறவனுக்கு நிக்காது."
சொல்லிவிட்டு டீசல் கேனைத் தேடி இறங்கிவிட்டார்.

மடிக்கணினியில் ஒன்பது சதவீதம் மிச்சம்.
ஆம் என்று அடித்தேன். அழித்தேன்.
எந்தக் கூண்டில், எவ்வளவு சூட்டில்,
யாருடைய நாற்பத்தொன்றுக்குள் என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
பிறகு அவருடைய கேள்வியை என் பதிலின் தலையில் ஒட்டி
கேள்விக்குறிக்கு முன்னிருந்த இடைவெளியை
மட்டும் எடுத்துவிட்டேன்.